மேட்டில் வரும் சத்தம்

"ஒண்ணும் கேக்கலையே டீச்சர்," என்றார் மாஸ்டர், திறந்திருந்த பானெட்டுக்குள் தலையை நுழைத்தபடி. "ஜம்முனு ஓடுது. இதுக்கா மூணு வாரமா அலையறீங்க?"

பள்ளிக்கூடம் விட்டதும் நேராக வந்திருந்தாள் டீச்சர். விரல்களில் சாக்பீஸ் தூள்கூட போகவில்லை. அவள் பக்கத்தில் வந்து நின்றதே நிழல் விழுந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. வேலையில் மூழ்கிவிட்டால் மனிதர் அப்படித்தான்.

"நின்னுட்டிருக்கும்போது வராது மாஸ்டர். மேடு ஏறும்போதுதான் வரும். டிங் டிங்னு, டப்பாக்குள்ள ஆணியைப் போட்டுக் குலுக்கற மாதிரி."

அது வேறொருவர் ஓட்டிவிட்டு விற்ற சின்ன கார். கையேடு தொலைந்துபோயிருந்தது. எந்தப் பெட்ரோல் போட வேண்டும் என்று டாங்க் மூடிக்குள் ஒட்டியிருந்த காகிதத்தை எந்தப் புண்ணியவானோ சுரண்டி எடுத்திருந்தான். பங்க்கில் தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றைந்து என்று இரண்டு தரத்தில் பெட்ரோல் இருக்கிறதே, எதைப் போடுவது என்று முதல் வாரம் கேட்டாள். "தொண்ணூத்தொண்ணே தாராளம். உசத்தியானதைப் போட்டா மட்டும் வண்டி பறக்கவா போகுது?" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அதைப் போட்டதிலிருந்துதான் இந்தச் சத்தம் என்கிறாள்.

ஊரில் அவருக்கு ஸ்டெதாஸ்கோப் என்று பெயர். ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையை இஞ்சினில் ஊன்றி, மறு முனையைக் காதோடு ஒட்டிக்கொண்டால் போதும், எங்கே கோளாறு என்று புட்டுப் புட்டு வைத்துவிடுவார். முப்பது வருஷமாகக் கட்டிக் காத்த பெயர். ஒரு தம்மாத்தூண்டு காரிடம் அதைப் பறிகொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

அதோடு, டீச்சரைப் பற்றி அவர் ஒரு முடிவுக்கும் வந்திருந்தார். தனியாக இருக்கிறவள். பேச ஆள் இல்லாமல் வண்டிக்கு ஒரு நோயைக் கற்பித்துக்கொண்டு வருகிறாள், பாவம்.

அவர் நிலைமை மட்டும் என்ன வாழ்ந்தது? கொஞ்ச நாளாகப் பட்டறை ஈயாடிக் கிடந்தது. போன் பண்ணி, "வண்டியைக் கொண்டு வரட்டுமா மாஸ்டர்?" என்று கேட்கும் பழைய வாடிக்கையாளர்கள்கூட அவரை மறந்துவிட்டார்கள். காலையில் ஷட்டரைத் தூக்கியதிலிருந்து இறக்கும்வரை நாலு வார்த்தை பேசினால் அதிகம். டீச்சர் எப்போது வருவாள் என்று அவரே வாசலைப் பார்க்க ஆரம்பித்திருந்தார் என்பதுதான் உண்மை.

"சரி, எடுங்க வண்டியை. ஓட்டிப் பாத்துடுவோம்."

மேம்பாலத்தில் பாதி ஏறியதும் டீச்சர் அவர் பக்கம் திரும்பி, விரலை உயர்த்தினாள். "இதோ! இதோ இப்ப! கேக்குதா?"

மாஸ்டர் கண்ணை மூடிக் கவனித்தார். ஒன்றுமே இல்லை. டாஷ்போர்டில் உள்ளங்கையை வைத்தும் பார்த்தார். இல்லை என்று சொன்னால் அவள் முகம் சுண்டிப்போகும் என்று நினைத்தபோது, பாலத்துக்கு அந்தப் பக்கம் பங்க் தெரிந்தது.

"டாங்க் காலியாத்தானே இருக்கு? ஒரு வாட்டி தொண்ணூத்தஞ்சு போட்டுப் பாருங்க. சில இஞ்சினுக்கு அழுத்தம் ஜாஸ்தி. ஆக்டேன் கம்மியா இருந்தா பெட்ரோல் முந்திரிக்கொட்டை மாதிரி நேரத்துக்கு முன்னாடியே பத்திக்கும். அதைத்தான் நாக்கிங்னு சொல்லுவோம்."

சொன்னது அத்தனையும் சரி. இந்த வண்டிக்கு அது பொருந்தும் என்பதில்தான் அவருக்கு நம்பிக்கை இல்லை. நோயே இல்லாத நோயாளிக்கு டாக்டர் சத்து மாத்திரை எழுதிக் கொடுப்பதில்லையா? அந்த மாதிரிதான் இதுவும்.

பெட்ரோல் போட்டு, ஊரை ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடியும் பாலம் ஏறினார்கள். டீச்சர் காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினாள். உச்சிக்கு வந்ததும் அவள் முகமெல்லாம் பல்லானது.

"போயே போச்சு மாஸ்டர்! கைராசிக்காரர் நீங்க!"

மாஸ்டருக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவரைப் பொறுத்தவரை முன்னேயும் சத்தம் இல்லை, இப்போதும் இல்லை.

பட்டறைக்குத் திரும்பியதும் அவளை உடனே அனுப்ப மனசில்லாமல் பெஞ்சைத் துடைத்துவிட்டார். எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். வாய் சும்மா இருக்குமா?

"தப்பா நினைக்காதீங்க டீச்சர். தனியா இருந்தா இப்படித்தான். இல்லாத சத்தமெல்லாம் கேக்கும்."

டீச்சர் கோபித்துக்கொள்ளவில்லை. "உங்களுக்கு யாரு மாஸ்டர் இருக்காங்க?" என்றாள்.

யாரும் கேட்காத கேள்வி. பெஞ்சைத் துடைத்த கந்தல் துணியைப் பார்த்தபடியே சொன்னார்.

"ஒரே பொண்ணு. அவளா ஒருத்தனைப் பாத்துக் கட்டிக்கிட்டா. கோபத்துல, 'இனிமே என் மூஞ்சியிலயே முழிக்காதே'ன்னுட்டேன். 'முழிக்க மாட்டேன். ஆனா தினமும் சாயங்காலம் பட்டறைக்குப் போன் பண்ணுவேன்பா. கோபம் தீர்ற அன்னிக்கு எடுங்க'ன்னு அழுதுட்டே போனா."

"அப்புறம்?"

"ஆறு மாசம் ஆச்சு. ஒரே ஒரு நாள்கூடப் பண்ணலை." கையில் இருந்த கந்தல் துணியை முறுக்கினார். "நான் கூப்பிடலாம்தான். ரோஷம் விட மாட்டேங்குது. அவ கூப்பிட்டா, முதல் மணியிலயே எடுத்துடலாம்னு இருக்கேன். பெத்த அப்பன் உசிரோட இருக்கானான்னுகூட கேக்கத் தோணலையே அவளுக்கு! இப்படியா மனசு கல்லாப் போகும்?"

டீச்சர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு அவருடைய முதுகுக்குப் பின்னால் இருந்த சின்ன அறையைப் பார்த்தாள்.

"என்ன மாஸ்டர் சொல்றீங்க? நான் வர்ற அன்னிக்கெல்லாம் இதே நேரத்துக்கு உள்ள போன் அடிக்குதே... இதோ, இப்பவும் அடிக்குது!"