ஆறு மாதம் என்ற வரி

பாழடைந்த நூலகம் ஒன்றில் பாம்புத் தொல்லை தாங்க முடியாமல் போனபோது, அகராதிக்குள் குடியிருந்த எலிதான் அந்தச் சொல்லைத் தேடிப் பிடித்துச் சொன்னது.

"டிக்டேட்டர். லத்தீனிலிருந்து வந்த சொல். சொல்லிக்கொண்டே இருப்பவர் என்று பொருள். அவர் சொல்வார், மற்றவர்கள் செய்ய வேண்டும். ரோமாபுரியில் ஆபத்து வந்தால் ஒருவரை இப்படி வைத்துக்கொள்வார்களாம். ஆறு மாதத்துக்கு மேல் கிடையாது."

எல்லோருக்கும் பிடித்துப்போனது. கீரியை டிக்டேட்டர் ஆக்கினார்கள். கீரி சொன்னபடி பல்லிகள் காவல் இருந்தன, அணில்கள் பொந்துகளை அடைத்தன. மூன்றே மாதத்தில் ஒரு பாம்புகூட மிச்சமில்லை. கீரி மட்டும் சொல்வதை நிறுத்தவில்லை.

ஆறாம் மாதம் முடிந்த அன்று காலையில் கீரி வந்து அகராதிமேல் உட்கார்ந்தது.

"எலியாரே, அந்தச் சொல்லுக்குப் பொருளை இன்னொரு தரம் வாசியும்."

எலி வாசித்தது. 'ஆறு மாதம்' என்ற இடத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. கீரி எலியையே பார்த்துக்கொண்டிருந்தது.

"பழைய புத்தகம் ஐயா, அச்சுப் பிழையாக இருக்கும்" என்று உளறிவிட்டு, எலி அந்த வரியை அவசர அவசரமாகக் கொறித்து விழுங்கியது.

கீரி குனிந்து, ஓட்டை விழுந்த பக்கத்தை மோந்து பார்த்தது. அதன் முகம் மலர்ந்தது.

"இப்போது புத்தகத்தில் அந்த வரி இல்லை, அப்படித்தானே?"

"இல்லவே இல்லை ஐயா."

"அப்படியானால் எங்கே இருக்கிறது?"

எலி மெல்லக் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தது.