ஆளுக்கொரு வார்த்தை

"ரெசிலியன்ஸ்."

அவன் சீட்டைப் பார்த்து வாசித்ததுதான் தாமதம், துணி தேய்த்துக்கொண்டிருந்த மனைவி ஜன்னல் பக்கம் திரும்பினாள். "எத்தனை தடவை விழுந்தாலும் எழுந்து நிக்கிறது. எதிர்வீட்டுப் பூனை."

மூன்றாவது மாடியிலிருந்து விழுந்து, மறுநாளே மதில்மேல் ஒய்யாரமாக நடந்த பூனை அது.

நாளைக் காலை அவளுக்கு ஆங்கிலத்தில் வாய்மொழித் தேர்வு. தேறிவிட்டால் வெளிநாட்டு மருத்துவமனையில் நர்ஸ் வேலை. ஆறு மாதத்தில் அவனையும் அங்கே அழைத்துக்கொள்வதாகப் பேச்சு. டயர் கடை வேலையை விடப்போவதாக அவன் தெரிந்தவர்களில் பாதிப் பேரிடம் சொல்லியும் ஆயிற்று.

ஊசி, ரத்தம், காய்ச்சல் எல்லாம் ஆங்கிலத்தில் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கண்ணுக்குத் தெரியாத சங்கதிகளின் பெயர்கள்தான் உயிரை எடுத்தன. அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். ஒவ்வொரு வார்த்தையையும் தெரிந்த யாராவது ஒருவர் தலையில் கட்டிவிடுவது. வார்த்தையைக் கேட்டதும் அவள் கண் தானாக அந்த ஆள் இருக்கும் திசைக்குப் போகும்.

"ப்ரொக்ராஸ்டினேஷன்."

கண் சமையலறைக் குழாய்க்குப் போனது. "நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிப்போடறது. நம்ம பிளம்பர்."

குழாய் சொட்டிக்கொண்டுதான் இருந்தது.

"காண்டிசென்ஷன்."

கண் சுவரில் இருந்த கல்யாணப் படத்துக்குப் போனது. "பாவம் பாத்துப் பேசற மாதிரியே மட்டம் தட்டறது. உங்க பெரியக்கா."

மற்ற நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான். இன்று இருப்புக்கொள்ளவில்லை. எழுந்தான், உட்கார்ந்தான், மின்விசிறியைக் கூட்டினான், குறைத்தான். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. சட்டைக்கு மேலேயே அழுத்தி அமர்த்தினான்.

"கடையிலேர்ந்து," என்றான். அவள் துணியைப் புரட்டிப்போட்டுத் தேய்த்தாள்.

அவனுக்கு இன்னொரு குடைச்சலும் இருந்தது. பூனைக்குக்கூட ஒரு வார்த்தை கிடைத்துவிட்டது, தாலி கட்டியவனுக்கு ஒன்று இல்லையா?

"ஏம்மா, இதுல நான் எந்த வார்த்தை?"

"அடுத்ததைப் படிங்க."

"ஃபிடெலிட்டி."

இஸ்திரிப் பெட்டி நின்றது. அவள் கண் நேராக அவன் முகத்துக்கு வந்தது.

அவனுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அடடே, இதுதானா! சீட்டின் பின்பக்கம் பார்த்தான். துணைக்கு உண்மையாக இருப்பது என்று அவள் கையெழுத்தில் இருந்தது. எத்தனை நல்ல மனசு இவளுக்கு!

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். உதடு அசைந்தது. வார்த்தை வரவில்லை.

"வரமாட்டேங்குது," என்றாள். "போன வாரம் வரைக்கும் டக்குனு வந்துது."

"டென்ஷன்தான், வேறென்ன?" என்று அவசரமாகச் சீட்டை மாற்றினான்.

"டூப்ளிசிட்டி."

பின்பக்கம் புரட்ட அவனுக்கு நேரமே கிடைக்கவில்லை.

"உள்ள ஒண்ணு வெச்சுக்கிட்டு வெளிய ஒண்ணு பேசறது."

அவள் கண் குழாய்க்குப் போகவில்லை. ஜன்னலுக்கும் போகவில்லை. அவன் முகத்தைவிட்டு அசையவே இல்லை.

பையில் போன் மறுபடி அதிர்ந்தது. அவன் கை மேலே போய், பாதியில் நின்றது.

"எடுங்க," என்றாள். "போன வாரம் போனை வீட்டுலயே மறந்துட்டுப் போனீங்களே, அன்னைக்கும் அவ இப்படித்தான் விடாம அடிச்சா."

சட்டைக் காலரைத் திருப்பிப்போட்டு அழுத்தித் தேய்த்தாள். நாளைக்கு அவன் கடைக்குப் போட்டுப் போகவேண்டிய சட்டை.

"அடுத்ததைப் படிங்க. நாளைக்கு நான் எப்படியும் பாஸாகணும்."