கழித்துவிடும் வாயு

எஃகு ஊசியின் நுனியிலிருந்து அணுக்களை ஒவ்வொன்றாகப் பிய்த்து எண்ணும் கருவி அது. அதன் முன்னால் ஃபௌசியா உட்கார்ந்திருந்தாள். இந்த ஒன்பது மாடிக் கட்டடத்தின் லிஃப்டைத் தாங்கும் நான்கு போல்ட்டுகளில் ஒன்று போன வாரம் முறிந்துபோனது. அதிலிருந்து அறுத்த ஊசிதான் உள்ளே இருந்தது. புது போல்ட் மாட்டியாயிற்று. லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது.

திரையில் இரும்பும் கார்பனும் புள்ளி புள்ளியாக முளைத்தன. ஹைட்ரஜனை மட்டும் வழக்கம்போல மறைத்திருந்தாள். அது கருவிக்குள் மிச்சமிருக்கும் வாயு, கழித்துவிட வேண்டியது என்பதுதான் இங்கே எல்லோருக்கும் பழக்கம். இன்று ஏனோ அதையும் திறந்து பார்த்தாள். மிச்ச வாயு என்றால் எங்கும் சிதறிக் கிடக்க வேண்டும். இதுவோ எஃகின் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டும் எல்லையில் மட்டும் எறும்புச் சாரையாக நின்றது. முலாம் பூசும்போதே உள்ளே புகுந்து, எஃகை நொறுங்கவைக்கும் விஷம். மற்ற மூன்று போல்ட்டுகளும் அதே தொட்டியில் முலாம் பூசியவை. சொல்லாமல் கொள்ளாமல் முறிந்துவிடும்.

நடைவழிக்கு ஓடினாள். லிஃப்ட் கதவு திறந்தது. கூட வேலை பார்க்கும் தேவசகாயம், கதவு மூடாதிருக்க ஒரு காலை மட்டும் வெளியே ஊன்றியபடி உள்ளே நின்றார்.

"என்ன மேடம், பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க? எனக்கு மேல மீட்டிங். உங்க டீயைப் பிடிங்க."

"சார்..."

வெளியே குதிக்கச் சொல்வதா, அசையாமல் நிற்கச் சொல்வதா?

அவர் சிரித்தபடி டம்ளரை நீட்டினார். அவர் கை நடுங்கவில்லை. டீ நடுங்கியது.