அதே வரி

தாட்சாயணி எழுதிய நிரல் ஒரு மின்னஞ்சலை ஓர் ஊருக்கு ஒருமுறைதான் அனுப்பும். அந்த ஊர்க் கணினி அதைப் பிரதியெடுத்துத் தன் ஆட்களுக்கெல்லாம் கொடுத்துவிடும். இத்தனை வெள்ளத்திலும் இணைப்பு திணறாததற்கு அதுதான் காரணமென்று நிவாரண அறையில் எல்லோரும் மெச்சினார்கள். ஒரே கடிதம் மறுபடி வந்தால் வீண் சுமை என்று ஓரமாகத் தள்ளிவிடவும் அவளே அதற்குச் சொல்லிவைத்திருந்தாள்.

திங்கட்கிழமை, ஆற்றோரப் பள்ளியிலிருந்து ஆசிரியை அமலோற்பவம் அனுப்பிய வரி முப்பது ஊர்களுக்கும் போய்ச் சேர்ந்தது: "மொட்டை மாடியில் பதினோரு பேர் இருக்கிறோம். படகு அனுப்புங்கள்." ஒவ்வோர் ஊரும் அடுத்த ஊர் போயிருக்கும் என்று நினைத்தது. "அப்புறம் ஒண்ணும் வரலையே, யாராச்சும் கூட்டிட்டுப் போயிருப்பாங்க" என்றார் நிவாரண அறையில் இருந்த படகுக்காரர் பெஞ்சமின்.

வியாழக்கிழமை காலை, தள்ளிவைத்தவற்றை அழிக்கலாமென்று தாட்சாயணி திறந்தாள். அதே வரி, ஓர் எழுத்தும் மாறாமல், நாற்பத்தாறு முறை வந்திருந்தது. கடைசியாக வந்தது செவ்வாய் மதியம். அதற்குப் பிறகு எதுவும் இல்லை.

வேறென்ன செய்வதென்று தெரியாமல், மறுபடி வருவதைத் தள்ளிவைக்கும் அந்த விதியை நிரலிலிருந்து நீக்கினாள். அடைபட்டிருந்த நாற்பத்தாறும் ஒன்றாகக் கிளம்பின. பக்கத்தில் நின்ற பெஞ்சமினின் சட்டைப்பையில் கைபேசி விடாமல் ஒலித்தது. எடுத்துப் படித்தவரின் முகம் மலர்ந்துவிட்டது.

"இருக்காங்கம்மா. இப்பக்கூட அனுப்பிட்டே இருக்காங்க."

துடுப்பை எடுத்துக்கொண்டு அவர் படியிறங்கி ஓடினார். "அது செவ்வாய்க்கிழமை வந்தது..." என்று தாட்சாயணி வாயைத் திறப்பதற்குள் அவர் வாசலைத் தாண்டிவிட்டார். கைபேசி அவர் பையில் ஒலித்தபடியே தூரம் போய்க்கொண்டிருந்தது.