கற்கண்டு முடிச்சு

நாடகக் கம்பெனி கலைந்தபின் மதராசுக்குப் போய்ப் பகவதியப்பன் நடித்த முதல் படம் அது. கொட்டாரத்துச் சினிமாக் கொட்டகைக்குப் படம் வந்து பத்து நாளாகியும், அக்காவை அழைத்துப் போகாமல் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்.

“ஏலே, நீ நடிச்ச படத்துக்கு நான் வரண்டாமா?” என்று அக்கா சண்முகவடிவு ஒரே பிடியாக நின்றாள்.

அவன் மேடையேறிய நாளிலெல்லாம் முந்தானையில் பனங்கற்கண்டு முடிந்து வருவாள். அவன் பேசி முடித்ததும் தொண்டைக்கு இதமாகக் கையில் வைப்பாள். இன்றும் முடிந்துகொண்டு கொட்டகைக்கு வந்திருந்தாள்.

இடைவேளைக்கு முன் பகவதியப்பன் திரையில் வந்தான். சாகக் கிடக்கும் தாயிடம் பேசி அழுதான். அவ்வளவு பெரிய தன் முகம் அவனுக்கே அந்நியமாக இருந்தது. கூட்டம் விசிலடித்தது. பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள்.

அக்கா முடிச்சை அவிழ்க்கவில்லை.

படம் முடிந்து விளக்கு எரிந்தது.

“அந்த அழுதவன் யாருலே? நல்லாப் பேசினான்.”

பகவதியப்பன் வெற்றுத் திரையைப் பார்த்தான்.

“மெட்ராஸ்காரன் ஒருத்தன், அக்கா.”

“உன்னை வெட்டிட்டானுவளா மக்கா?”

“ஆமாக்கா.”

பேச்சில் நாஞ்சில் நாட்டு ராகம் இழுக்கிறது என்று படக் கம்பெனிக்காரர்கள் அவன் குரலை எடுத்துவிட்டு, வேறொருவனைப் பேச வைத்திருந்தார்கள். சிறுவயதில் அம்மையில் கண் போன அக்காவுக்குத் தம்பி என்பது அந்த ராகம் இழுக்கும் குரல்தான்.

அவள் அவன் கையைத் தேடிப் பிடித்தாள்.

“போட்டும். அடுத்த படத்துல நீ பேசும்போ தாரேன்” என்று முடிச்சை இறுக்கினாள்.