மணலில் புதைந்த தண்டு

என் மனைவி வசுமதி இறப்பதற்கு முந்தைய வாரம் மீன்தொட்டியில் நட்ட செடி அது. அதன் இலைகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடி போலாகிக் கரைந்துகொண்டிருந்தன. வண்ணமீன் கடை ஜெபராஜிடம் படத்தைக் காட்டினேன்.

“யாரு சார் நட்டது? ரோஜாக் குச்சி மாதிரி தண்டையே மணல்ல புதைச்சிருக்காங்க. இதைக் கல்லுல நூல் சுத்திக் கட்டணும். முதல்ல தண்டை அழுத்திப் பாருங்க. கெட்டியா இருந்தா உயிர் இருக்கு, எடுத்துக் கட்டினா துளிர்த்துரும். கொழகொழன்னு இருந்தா போச்சு.”

“அழுத்தாம தெரிஞ்சுக்க முடியாதா?”

சிரித்தார். “செடி வாயத் தொறந்து சொல்லாது சார்.”

வீட்டில் மகள் தாரிகா கல்லும் நூலுமாகக் காத்திருந்தாள். முழங்கை வரை கையைத் தண்ணீருக்குள் விட்டேன். மணலில் வசுமதியின் விரல்கள் அழுத்திய குழிகள் அப்படியே இருந்தன. அவற்றில் என் விரல்களை இறக்கித் தண்டின் இருபுறமும் வைத்தேன். அவள் போன அன்று காலை, காபி ஆறுகிறதே என்று எழுப்ப அவள் பாதத்தைத் தொட்டதும் இந்த விரல்கள்தான். தொடும்வரை எனக்கு அவள் தூங்கிக்கொண்டுதான் இருந்தாள்.

“அப்பா, கெட்டியா இருக்காப்பா?”

“இரும்மா,” என்றேன்.

தொட்டியில் நீர் அசைவது நின்றது. நான் இன்னும் அழுத்தவில்லை.