மலைக்காரன் வேலை

"அந்த வாட்சைக் கழட்டுங்க மொதல்ல. மலைக்காரன் எங்கியாச்சும் வாட்ச் கட்டுவானா?"

சுமித்ரா கையை நீட்டினாள். மணிவண்ணன் வாட்சைக் கழற்றிப் பெண்டாட்டி கையில் கொடுத்தான். வெயில் படாத தோல் மணிக்கட்டில் வெளுத்துத் தெரிந்தது. அவள் அடுப்புக்கரியைத் தொட்டு அதன்மேல் தேய்த்தாள்.

"ஏன் புள்ள, இதையெல்லாமா பாப்பாங்க?"

"இதைத்தான் பாப்பாங்க. உங்க மூஞ்சிய எவன் பாக்கப் போறான்? சட்டையக் கழட்டுங்க."

கொல்லிமலை மேலே இருக்கும் விடுதியில் சுமித்ரா சமையல்காரி. டூரிஸ்ட்டுகளை வாசலில் நின்று கும்பிட்டு வரவேற்கவும், அருவிக்குக் கூட்டிப்போகவும், சாயங்காலம் தீமூட்டிக் கதை சொல்லவும் 'ஒரிஜினல் மலைக்காரன்' ஒருவன் வேண்டுமாம். மேனேஜர் முரளி இதுவரை மூன்று பேரைப் பார்த்து, "பாத்தா அப்படித் தெரியலையேப்பா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

மணிவண்ணனுக்குப் பதினொரு வருஷமாக ஆழ்துளைக் கிணறு போடும் போர் லாரியில் வேலை. சத்தீஸ்கர், ஒடிசா என்று கண்ட பூமியையும் துளைத்துவிட்டு, வருஷத்துக்கு ஒரு மாசம் வீட்டில் இருப்பான். இரும்புக் குழாய் தூக்கித் தூக்கித் தோள் காய்த்துவிட்டது. கம்ப்ரசர் சத்தத்தில் ஒரு காது பாதி போய்விட்டது. லாரி வருகிற புதன்கிழமை மறுபடியும் கிளம்புகிறது. இந்த வேலை கிடைத்தால் அவன் ஏற வேண்டாம்.

போன மாசம் அவன் வந்து இறங்கியபோது, மூன்று வயசு மகள் ராதிகா அம்மாவின் சேலைக்குள் ஒளிந்துகொண்டு, "எங்கப்பா செல்லுல இருக்காரு" என்றாள். சுமித்ரா முடிவு பண்ணியது அன்றைக்குத்தான்.

"சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்குதா?"

"இருக்குது. மெதுவாப் பேசணும். கேட்டதும் பதில் சொல்லப்படாது. மலையப் பாத்துட்டு அப்புறம் சொல்லணும். எந்த மலையப் பாக்கறது புள்ள?"

"ஏதோ ஒரு மலையப் பாருங்க! கத்தாதீங்க."

பாசிமணியைக் கழுத்தில் மாட்டி, கம்பளியைத் தோளில் போட்டு, கையில் மூங்கில் கழியைக் கொடுத்தாள். அவன் கண்ணாடியில் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"எனக்கு வராது சுமி. இவன் மலைக்காரன் இல்லைன்னு பாத்ததுமே சொல்லிருவாரு."

"ரெண்டு வருசமா அந்த அடுப்படி ஜன்னல்ல நின்னு பாக்கறனுங்க. வாரவங்க கண்ணு எதைத் தேடுதுன்னு எனக்குத் தெரியும். அந்தக் கண்ணால உங்களை நீங்களே பாத்துக்கிட்டு நில்லுங்க, போதும்."

சொல்லிவிட்டு, கரி ஒட்டிய விரலால் அவன் கன்னத்திலும் ஒரு கோடு இழுத்துவிட்டாள். அது வேலைக்காக இல்லை.

விடுதி முற்றத்தில் முரளி அவனை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். சென்னைக்காரர், மலைக்கு வந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை. சுமித்ரா அடுப்படி ஜன்னலில் வெங்காயம் உரிக்கிற சாக்கில் நின்றாள்.

"தேனெல்லாம் எடுப்பியா?"

மரம் ஏறினால் தலை சுற்றும் என்பதுதான் உண்மை. அதைச் சொல்ல அவன் வாயைத் திறந்தான். அடுப்படியில் ஒரு கரண்டி விழுந்தது. வாயை மூடிக்கொண்டு மலையைப் பார்த்தான்.

"தேனை நாம எடுக்கறதில்லீங்க. மலையாப் பாத்துக் குடுக்குமுங்க."

இதை அவள் சொல்லிக்கொடுக்கவே இல்லை. சுமித்ராவுக்கே புல்லரித்தது.

"அடேயப்பா! சரி, மழை எப்போ வரும்?"

மறுபடியும் மலை. ரொம்ப நேரம்.

"நாளான்னிக்குங்க." காலையில்தான் செல்லில் பார்த்திருந்தான்.

முரளி மயங்கிப்போய்த் தலையாட்டிக்கொண்டிருக்கும்போது அவன் இடுப்பில் செல் அலறியது. இந்திப் பாட்டு. பதறி எடுத்தவன் பழக்கதோஷத்தில் இந்தியிலேயே, "ஹாங் பையா, போலோ!" என்று முற்றமே அதிரக் கத்தினான்.

கத்தி முடித்த பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்பது உறைத்தது. கம்பளி நழுவித் தரையில் கிடந்தது. சுமித்ரா ஈரக் கையோடு ஓடிவந்தாள்.

"சார், கோவிச்சுக்காதீங்க சார். போர் லாரியில இருந்தவருங்க. புதன்கிழமை திரும்பவும் போயிட்டா பதினோரு மாசம் ஆகுமுங்க வர. புள்ள அப்பன் மொகமே தெரியாம வளருதுங்க சார்…"

முரளி அவளைக் கையமர்த்தினார். அவர் முகத்தில் கோபமே இல்லை.

"அழாதேம்மா. நீ சேலத்துப் பொண்ணு. உன் வீட்டுக்காரரும் கீழ இருந்து வந்தவராத்தான் இருப்பாருன்னு எனக்கு அப்பவே தெரியும். இருந்துட்டுப் போகட்டும். நிஜ மலைக்காரங்கதானே மூணு பேர் வந்தாங்க? ஒருத்தன் ஜீன்ஸ் போட்டுக்கிட்டு புல்லட்ல வந்து எறங்கறான். இவரை மாதிரி ஒருத்தனும் நிக்கலை. வேலை இவருக்குத்தான், போதுமா?"

சுமித்ரா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மணிவண்ணன் கீழே கிடந்த கம்பளியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

"ஆமா, உனக்கு எந்த ஊருப்பா? ராசிபுரமா?"

"இந்த ஊருதானுங்க" என்றான் மணிவண்ணன். "அதா, மரவள்ளிக் காட்டுக்குக் கீழ ஓட்டு ஊடு தெரியுது பாருங்க, அதுலதான் பொறந்தேன். எங்கப்பன், எங்க தாத்தன், அவருக்கு அப்பன், எல்லாரும் பொறந்தது அந்த மண்ணுலதானுங்க."

அது அத்தனையும் நிஜம். நாலு வருஷத்துக்கு முன்னால் கல்யாணமாகிக் கீழேயிருந்து அந்த வீட்டுக்கு வந்தவள் சுமித்ரா ஒருத்திதான்.

முரளி வயிறு குலுங்கச் சிரித்து அவன் தோளைத் தட்டினார். "பிரமாதம்! இதையே டூரிஸ்ட்டுங்ககிட்டயும் சொல்லு, அப்படியே நம்பிடுவாங்க."